சயின்ஸ் கிளாஸ்ல பசங்க மனசுக்குள்ள ஏற்கனவே இருக்கற "தியரி"கள் – டர்பன்லேர்ந்து ஒரு டீச்சரோட கேள்வி பதில்

சனிக்கிழமை டியூஷன் முடிஞ்சு கோயில் ஹால் வாசல்ல நிக்கும்போது பெத்தவங்க கேக்கறது, தமிழ்நாட்டுலேர்ந்து புதுசா இங்க வேலைக்கு வர்ற டீச்சருங்க போன்ல கேக்கறது, எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை போச்சு, அதான் எழுதி வெச்சுட்டேன்.

நீங்க யாரு, இது யாருக்கு?

நான் தமிழ்நாட்டுலேர்ந்து வந்து தென்னாப்பிரிக்கால இருக்கற டர்பன்ல கிரேடு 7லேர்ந்து 10 வரைக்கும் சயின்ஸ் எடுக்கற டீச்சர். இங்க ஸ்டூடன்ட்னு சொல்ல மாட்டாங்க, "லேர்னர்"தான். 1860 நவம்பர் 16 அன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒப்பந்தக் கூலிங்களை ஏத்திட்டு ட்ரூரோ கப்பல் டர்பன்ல வந்து நின்னுச்சே, அந்த வழியில வந்தவங்களோட வம்சத்துப் பசங்கதான் என் கிளாஸ்ல பாதிப் பேர். வீட்டுல பேசறது இங்கிலீஷ். ஆயா வாயில மட்டும் கொஞ்சம் தமிழ். மீதி ஜூலு பசங்க, அப்புறம் என்ன மாதிரி சமீபத்துல வந்த குடும்பத்துப் பசங்க. இதை எழுதினது தமிழ் படிக்கத் தெரிஞ்ச டீச்சருக்கும் பெத்தவங்களுக்கும்.

தப்பான புரிதல்னா என்ன, பாடம் தெரியலங்கறதுதானே?

இல்லங்க. தெரியாத பையன்கிட்ட கேட்டா முழிப்பான். தப்பா புரிஞ்சு வெச்சிருக்கற பையன் டக்குனு பதில் சொல்லுவான், காரணமும் சொல்லுவான், நீங்க மறுத்தா வாதாடுவான். அவன் அஞ்சு வயசுலேர்ந்து பாத்தது, தொட்டது, கேட்டது எல்லாத்தையும் வெச்சு அவனே ஒரு தியரி கட்டி வெச்சிருக்கான், அது அவனுக்கு தினமும் வேலை செய்யுது. தள்ளினா வண்டி ஓடுது, விட்டா நின்னுடுது, அதனால ஓடணும்னா தள்ளிக்கிட்டே இருக்கணும். இது முட்டாள்தனமா? அரிஸ்டாட்டிலும் கிட்டத்தட்ட இதத்தான் சொன்னார், மாத்தறதுக்கு உலகத்துக்கு ரெண்டாயிரம் வருஷம் போல ஆச்சு. நமக்கு 45 நிமிஷ பீரியட்.

1968லயே டேவிட் ஆசுபெல்ங்கற கல்வி உளவியல் நிபுணர் சொல்லி வெச்சார், படிக்கறவனுக்கு ஏற்கனவே என்ன தெரியும்ங்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், அதைக் கண்டுபிடிச்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்கொடுன்னு. பி.எட் படிக்கும்போது நானும் இதை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினேன். கிளாஸ்ல அடி வாங்கினப்புறம்தான் புரிஞ்சது.

சரியானதை தெளிவா, பொறுமையா சொல்லிட்டா மாறிடாதா?

மாறாது. புது விஷயம் ஒரு ரூம்ல, பழைய தியரி இன்னொரு ரூம்ல, ரெண்டும் பேசிக்காம குடியிருக்கும். டெஸ்ட்ல புது ரூம் கதவு திறக்கும், தெருவுல பழைய ரூம். 1982ல போஸ்னர்ங்கற கல்வி ஆராய்ச்சியாளரும் அவரோட சேந்தவங்களும் நாலு விஷயம் சொன்னாங்க: பழசு மேல அவனுக்கே ஒரு அதிருப்தி வரணும், புதுசு புரியணும், நம்பற மாதிரி இருக்கணும், அதை வெச்சு வேற எதையாவது விளக்க முடியணும். நாம பெரும்பாலும் ரெண்டாவதை மட்டும் செஞ்சுட்டு புரியுதா புரியுதான்னு கேட்டுட்டு பெல் அடிச்சதும் போயிடறோம். முதல்ல இருக்கற அதிருப்திக்குத்தான் நேரமே குடுக்கறதில்ல.

அந்த அதிருப்தியை எப்படி வரவைக்கறது?

சோதனையைக் காட்டறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு எழுத வைங்க. வாயில சொன்னா போதாது, பேப்பர்ல, பேனாவுல, காரணத்தோட. அப்புறம் காட்டுங்க. முன்னாடி எழுதாத பையன் பாத்துட்டு "நானும் அதான் நினைச்சேன்"னு சொல்லிட்டுப் போயிடுவான், தன்னையே ஏமாத்திக்கறோம்னுகூட அவனுக்குத் தெரியாது. எழுதினவன் பேப்பரையும் சோதனையையும் மாறி மாறிப் பாப்பான் பாருங்க, அந்த மூஞ்சிக்காகத்தான் இந்த வேலையில இருக்கேன்.

சிரிக்கக் கூடாது, நீங்களும் சரி, கிளாஸும் சரி. ஒரு தடவை சிரிச்சீங்கன்னா அடுத்த தடவை எல்லாரும் நீங்க என்ன எதிர்பாக்கறீங்களோ அதைத்தான் எழுதுவாங்க.

வெயில் காலம் குளிர் காலம் பாடத்துல "பூமி சூரியன் கிட்ட போகும்போது வெயில்"னு பசங்க சொல்றாங்க. ஜனவரியிலதான் பூமி ரொம்ப கிட்ட இருக்கு, ஆனா அப்ப குளிர் காலமாச்சேன்னு மடக்கலாம்னு புக்ல போட்டிருக்கு. இங்க எப்படி?

இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்! அந்த வாதம் இங்க எடுபடாது, எடுபடாதது மட்டுமில்ல, நம்மையே கவுத்துடும். ஜனவரி முதல் வாரத்துல பூமி சூரியன்லேர்ந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை ஆரம்பத்துல சுமார் 15.2 கோடி. டர்பன்ல ஜனவரின்னா வேர்த்து ஊத்தும், ஜூலைன்னா ஸ்வெட்டர். அப்ப பையனோட தப்பான தியரிக்கு இயற்கையே சாட்சி சொல்லுது. வடக்குல இருக்கற நாட்டுக்காரங்க எழுதின வாதத்தை அப்படியே எடுத்துட்டு வந்து போர்டுல எழுதினேன் முதல் வருஷம், பின் பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு "மேம், அப்ப நாங்க சொன்னது கரெக்ட்தானே?"ன்னு கேட்டா. நான் அன்னிக்கு சாக்பீஸைக் கீழ போட்டுட்டு குனிஞ்சு தேடற மாதிரி நேரத்தை ஓட்டினேன்.

இங்க எடுபடற வாதம் வேற. டிசம்பர்ல டெல்லியில இருக்கற சொந்தக்காரங்களோட வீடியோ கால் போடச் சொல்லுங்க, இல்ல லண்டன்ல யாராவது இருப்பாங்க. அவங்க ஷால் போத்திட்டு இருப்பாங்க, நாம ஃபேனுக்கு அடியில. ஒரே பூமி, ஒரே நாள், ஒரே தூரம். தூரம்தான் காரணம்னா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணுமே? இப்ப தியரியில ஒரு ஓட்டை விழுந்தாச்சு. அதுக்கப்புறம்தான் பூமியோட அச்சு சாஞ்சிருக்கறதைப் பத்திப் பேசணும், அதுக்கு முன்னாடி 23.4 டிகிரின்னு சொன்னா அது வெறும் நம்பர்.

அடுத்தது குச்சி. 1 மீட்டர் குச்சியை செங்குத்தா நட்டு மதியம் 12 மணி வாக்குல நிழலை அளக்கணும் (டர்பன்ல கடிகார மதியமும் சூரியனோட மதியமும் சில நிமிஷ வித்தியாசத்துல சேந்தே வரும், அதனால கவலையில்ல). ஜூன் 21 வாக்குல நிழல் சுமார் 1.3 மீட்டர் நீளும், டிசம்பர் 21 வாக்குல 11 சென்டிமீட்டர்தான். பகல் நேரமும் அப்படித்தான், ஜூன்ல சுமார் 10 மணி நேரம், டிசம்பர்ல 14. வெயில் நேரா விழுது, அதிக நேரமும் விழுது, வேற என்ன வேணும். ஒரே சிக்கல், இந்தப் பாடம் கிரேடு 7ல 4ஆவது டேர்ம்ல வருது, அப்ப குச்சி நட்டா ஒரு அளவுதான் கிடைக்கும். ஜூன் லீவு விடறதுக்கு முன்னாடியே ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் அளந்து நோட்டுல எழுத வெச்சுடுங்க, ஏன்னு கேட்டா அப்புறம் சொல்றேன்னு சொல்லுங்க.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடணும். தூரத்தால ஒண்ணுமே இல்லன்னு சொல்லாதீங்க, ஜனவரியில பூமிக்கு வர்ற வெயில் ஜூலையை விட சுமார் 7 சதவீதம் அதிகம்தான். காலம் மாறறதுக்கு அது காரணமில்ல, அவ்வளவுதான். கெட்டிக்காரப் பசங்க தேடிப் பாத்துட்டு வந்து மடக்குவாங்க, முன்னாடியே சொல்லிட்டா நமக்கு மரியாதை.

பெரியவங்களும் இதுல தப்பிக்கறதில்ல. 1980கள்ல ஹார்வர்ட் பட்டமளிப்பு அன்னிக்கு கவுன் போட்டு நின்னவங்ககிட்டயே கேமராவை நீட்டி வெயில் காலம் ஏன் வருதுன்னு கேட்டாங்க, பெரும்பாலானவங்க பூமி சூரியனுக்குக் கிட்ட போறதாலன்னுதான் சொன்னாங்க.

நம்ம ஊர் புக்கு, தமிழ் யூட்யூப் வீடியோ வெச்சு பசங்களுக்கு சொல்லித்தரலாமா?

தரலாம், வானத்தைப் பத்தின பாடம் தவிர. நான் வந்த புதுசுல "டிசம்பர்ல மதியம் சூரியன் தெற்குப் பக்கம் சாஞ்சிருக்கும்"னு சொல்லிட்டேன், சின்ன வயசுலேர்ந்து பாத்த பழக்கம். டர்பன் 30 டிகிரி தெற்குல இருக்கு, இங்க மதியச் சூரியன் வருஷம் பூரா வடக்குலதான். ஜன்னல் வடக்கு பாத்து இருந்துச்சு, சூரியன் எல்லார் மூஞ்சியிலயும் அடிச்சுட்டு இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, மரியாதையான பசங்க.

நிலாவும் அப்படித்தான். வடக்குல வளர்பிறைன்னா வலது பக்கம் வெளிச்சம், இங்க இடது பக்கம். புக்ல இருக்கற படத்தை மனப்பாடம் பண்ணின பையன் ராத்திரி வானத்தைப் பாத்துட்டு வானம் தப்புன்னு நினைக்கறான். அதோட "பூமியோட நிழல் விழறதாலதான் பிறை"ங்கறதும் கூடவே இருக்கும், அது கிரகணத்துக்குத்தான்னு பிரிச்சுக் காட்டணும். ஒரு பந்தைக் குச்சியில குத்தி, பகல்ல வானத்துல நிலா தெரியற நாளா பாத்து, வெயில்ல அந்த நிலா பக்கமா நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. பந்து மேலயும் அதே பிறை தெரியும். நிழல் எதுவும் நடுவுல வரலன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

கரன்ட் பாடம். "முதல் பல்பு கரன்ட்டைத் தின்னுட்டு மிச்சத்தை அடுத்த பல்புக்குக் குடுக்குது"ன்னு எழுதறாங்க. என்ன செய்ய?

கிரேடு 8ல பாதிக் கிளாஸ் இதை எழுதும், கவலைப்படாதீங்க. ரெண்டு ஒரே மாதிரி பல்பை தொடரா கோத்து, எது பிரகாசமா எரியும்னு எழுத வைங்க, அப்புறம் ஸ்விட்சைப் போடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி எரியும். பேட்டரியைத் திருப்பிப் போட்டுக் காட்டச் சொல்லுவாங்க, காட்டுங்க. அம்மீட்டரை பல்புக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வைங்க.

அதோட விட்டா போதாது. அப்ப பேட்டரி எப்படித் தீருதுன்னு நியாயமாக் கேப்பாங்க. நான் தேர் வடத்தை எடுத்துப்பேன். நிஜ வடம் இல்ல, கடைக் கயிறுதான், ரெண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கி பசங்க எல்லாரும் வட்டமா நின்னு லேசாப் பிடிச்சுக்கணும். ஒரு பையன் பேட்டரி, அவன் கயிறை இழுத்து விட்டுக்கிட்டே இருப்பான். ஒரு பொண்ணு பல்பு, அவ மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கணும். கயிறு எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல ஓடும், போன கயிறு முழுசாத் திரும்பி வரும், பல்புக்காரியோட கை சூடாகும், பேட்டரிக்காரன் களைச்சுப் போவான். தீந்தது எது? கயிறு இல்ல. இங்கதான் எனர்ஜிங்கற வார்த்தையை உள்ள விடணும், அதுக்கு முன்னாடி விடாதீங்க. ஸ்விட்ச் போட்ட உடனே தூரத்து பல்பு ஏன் எரியுதுங்கறதுக்கும் இதுலயே பதில் கிடைக்கும். கை ரொம்ப உராயாம பாத்துக்குங்க, ஒரு தடவை ஒரு பொண்ணுக்குத் தோல் கிழிஞ்சு அம்மா வந்து நின்னாங்க.

வீட்டுல தமிழ்ல பேசறதாலதான் குழம்புறாங்களா? "கரன்ட் போச்சு"ன்னு சொல்றோமே?

மொழி உதவியும் பண்ணும், காலையும் வாரும். லோட் ஷெட்டிங் வந்தா "கரன்ட் போச்சு"ன்னோம், போன் சார்ஜ் போனா அதையும் கரன்ட் இல்லன்னோம், பையனுக்கு கரன்ட்டுன்னா அரிசி மாதிரி, டப்பாவுல இருக்கும், தீரும். சர்க்கரை "கரைஞ்சு போச்சு"ன்னா போயே போச்சுன்னு நினைக்கறான், தராசுல வெச்சு டீ கிளாஸோட எடை குறையலன்னு காட்டணும். "ஆவி"ன்னா இட்லிப் பானையிலயும் இருக்கு, ஆயா சொல்ற பேய்க் கதையிலயும் இருக்கு.

ஆனா தமிழை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. இங்கிலீஷ்லயும் குளிர் உள்ள வருது, கதவைச் சாத்துன்னுதான் சொல்றாங்க, போறது சூடுதான், வர்றது குளிர் இல்ல. ஜூலுல அமாண்ட்லாங்கற ஒரே வார்த்தை பலம், பவர், எனர்ஜி எல்லாத்துக்கும் வந்துடும், நம்ம "சக்தி" மாதிரியே. அதனால நான் ஒரு நாள் போர்டுல அமாண்ட்லா, சக்தி ரெண்டையும் எழுதி, ஃபோர்ஸ் எது எனர்ஜி எதுன்னு பிரிக்கச் சொல்லுவேன். ரெண்டு மொழி தெரிஞ்ச பசங்கதான் அன்னிக்கு ஹீரோ. வீட்டுல தமிழ் பேசறதை நிறுத்திடாதீங்க, தயவு செஞ்சு.

செடி வளர்றதுக்கு உடம்பு எங்கேர்ந்து வருது? என் பொண்ணு மண்ணுன்னு சொல்றா, எனக்கும் அப்படித்தான் தோணுது.

கூச்சப்படாதீங்க, டீச்சர் ரூம்லயே கேட்டுப் பாருங்க. நான் நேரா கரும்புக்குப் போயிடுவேன். டர்பன் இருக்கற குவாசுலு நட்டால் மாகாணத்துல யாரைக் கேட்டாலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ கரும்புத் தோட்டத்துல வேலை செஞ்ச கதை இருக்கும். வருஷா வருஷம் லாரி லாரியா கரும்பு வெட்டிட்டுப் போறாங்களே, அவ்வளவும் மண்ணுன்னா இத்தனை வருஷத்துல வயல் பள்ளமாகியிருக்கணுமே? ஆகல. 1600கள்ல வான் ஹெல்மான்ட்னு ஒரு விஞ்ஞானி ஒரு வில்லோ மரக் கன்னை தொட்டியில வெச்சு 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினார், மரம் 70 கிலோவுக்கு மேல ஏறுச்சு, மண்ணு குறைஞ்சது 60 கிராம் அளவுகூட இல்ல. அவர் தண்ணிதான் மரமாச்சுன்னு முடிவு பண்ணினார், அதுவும் பாதிதான் சரி. சர்க்கரையில இருக்கற கார்பனும் ஆக்சிஜனும் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து, ஹைட்ரஜன் தண்ணியிலேர்ந்து. மண்ணு குடுக்கற சத்து அளவுல கொஞ்சம், அது இல்லாமலும் முடியாது.

காத்து ஒரு மரமாகும்னு நம்பறது கஷ்டம், ஏன்னா காத்துக்கு எடையே இல்லங்கறது அடியில இருக்கற இன்னொரு தப்பு. முதல்ல அதை எடுங்க: காத்து இறங்கின ஃபுட்பாலை நல்ல தராசுல வெச்சுட்டு, நல்லா இறுக்கிக் காத்தடிச்சு மறுபடி வைங்க. ஒண்ணுக்கு அடியில ஒண்ணு இருக்கும், எப்பவுமே.

சின்னச் சின்னதா சிலது: தண்ணி, பாத்ரூம் சுழல், கூலிங் டவர்?

தண்ணி எப்பவும் 100 டிகிரியிலதான் கொதிக்கும்: டர்பன்ல சரி. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல, அங்க சுமார் 94, 95லயே கொதிச்சுடும், அத்தை வீட்டுல பருப்பு வேக லேட்டாகுதுன்னு பசங்களே சொல்லுவாங்க. கொதிக்கற குமிழிக்குள்ள இருக்கறது காத்து இல்ல, தண்ணியோட ஆவியேதான்.

தெற்குல சிங்க் தண்ணி எதிர்ப்பக்கம் சுத்தும்: சிங்கோட வடிவமும் நீங்க குழாயைத் திறந்த விதமும்தான் முடிவு பண்ணும். பூமி சுத்தறது புயலைத் திருப்பும், வாஷ் பேசினை இல்ல.

பெரிய கூலிங் டவர்னா அணு உலை, மேல வர்றது புகை: சொவெட்டோல பெயின்ட் அடிச்சு நிக்குதே ரெண்டு ஆர்லண்டோ டவர், அது நிலக்கரி மின் நிலையத்தோடது. கேப் டவுன் பக்கம் கூபெர்க் அணு மின் நிலையத்துல அந்த டவரே கிடையாது, கடல் தண்ணியை வெச்சுக் குளிரவைக்கறாங்க. டவர் மேல வெள்ளையா வர்றது பெரும்பாலும் நீராவி குளிர்ந்து ஆன துளிகள்.

மனுஷன் குரங்குலேர்ந்து வந்தான்னா இப்ப குரங்கு ஏன் இருக்கு?

டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் குரங்கு கிச்சன்ல வந்து வாழைப்பழம் எடுத்துட்டுப் போற ஊர், கேக்கத்தான் செய்வாங்க. அது நமக்கு பாட்டி இல்ல, ரொம்ப தூரத்துச் சித்தப்பா வழி. நீங்க இருக்கீங்கங்கறதுக்காக உங்க சித்தப்பா பிள்ளைங்க இல்லாமப் போகணுமா? 1924ல இந்த நாட்டுலதான் தாவுங்ங்கற இடத்துல ஆதி காலத்துக் குழந்தை மண்டை ஓடு ஒண்ணு ஃபாசிலா கிடைச்சுது, அடுத்த வருஷமே ரேமண்ட் டார்ட்ங்கற உடற்கூறு விஞ்ஞானி அது மனுஷ வம்சத்துக்குக் கிட்டன்னு எழுதினார், பெரிய பெரிய ஆளுங்களே ரொம்ப வருஷம் ஒத்துக்கல. பசங்களுக்கு இதைச் சொன்னா பிடிக்கும், விஞ்ஞானிங்களும் நம்மள மாதிரித்தான்னு.

தப்பை கிளாஸ்ல சத்தமா சொன்னா அதுவே மனசுல பதிஞ்சிடாதா?

சொல்லிட்டு அப்படியே விட்டா பதியும். "நிறைய பேர் இப்படி நினைக்கறாங்க, அது சரியில்ல, ஏன்னா..."ன்னு மூணையும் ஒரே மூச்சுல சொன்னா வெறும் சரியானதை மட்டும் சொல்றதை விட நல்லா வேலை செய்யுது, ஆராய்ச்சியிலயும் அப்படித்தான் வருது. போஸ்டர்ல தப்பை மட்டும் பெரிய எழுத்துல போட்டு மேல சின்னதா கிராஸ் போடறாங்களே, அதைச் செய்யாதீங்க.

என் பையனுக்கு 80க்கு மேல மார்க் வருது. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

ஃபார்முலாவுல நம்பரைப் போட்டு விடை கொண்டு வரலாம், தியரி மாறாமலே. ஹார்வர்ட்ல எரிக் மசூர்னு ஒரு இயற்பியல் புரொஃபசர், அவரோட ஸ்டூடன்ட்ஸ் கஷ்டமான கணக்கைப் போட்டுட்டாங்க, லாரியும் சின்னக் காரும் மோதினா எது எது மேல எவ்வளவு விசையைக் குடுக்குதுங்கற மாதிரி சாதாரணக் கேள்வியில தடுமாறினாங்க. அவர் பாடம் நடத்தற முறையையே மாத்திட்டார். உங்க பையன்கிட்ட அந்த லாரிக் கேள்வியை இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்க. ரெண்டும் சமம்னு சொன்னா, ஏன் அப்ப கார் மட்டும் நசுங்குதுன்னு அடுத்ததைக் கேளுங்க.

எல்லாம் செஞ்சும் மூணு மாசம் கழிச்சு பழையபடி சொல்றான். நான் தோத்துட்டேனா?

இல்ல. பழசு அழியறதே இல்லன்னு தோணுது, புதுசு அதை அடக்கி வெச்சுக்குது, அவ்வளவுதான். 2012ல ஷ்டல்மன், வால்கார்சல்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க படிச்ச பெரியவங்ககிட்டயே சரியா தப்பான்னு வேகமாச் சொல்லச் சொன்னாங்க, சின்ன வயசு தியரிக்கு எதிரா இருக்கற வாக்கியம் வந்தா சரியான பதிலைச் சொல்றவங்களும் ஒரு கணம் தயங்கினாங்க. அதனால ஒரே பாடத்தை வருஷத்துல மூணு தடவை வேற வேற சாக்குல கொண்டு வாங்க. நானே இன்னிக்கும் டர்பன்ல வழி சொல்லும்போது சூரியனைப் பாத்து தெற்குன்னு கையைக் காட்டிடறேன், வீட்டுக்காரர் சிரிப்பார்.

தீமிதி. "அம்மன் அருளா, சயின்ஸா"ன்னு கிளாஸ்லயே கேட்டான் ஒரு பையன். என்ன சொல்ல?

ஈஸ்டர் சமயத்துல இங்க கோயில்கள்ல தீமிதி நடக்கும், கிளாஸ்ல யாராவது ஒருத்தர் வீட்டுல மிதிச்சிருப்பாங்க. அதனால ஜாக்கிரதையாப் பேசணும். நான் சொல்றது: ஏன் விரதம் இருக்காங்க, என்ன வேண்டிக்கறாங்கங்கறது சயின்ஸ் டீச்சர் பதில் சொல்ற கேள்வி இல்ல. கால் ஏன் எப்பவும் வெந்து போறதில்லங்கறது என் கேள்வி. பிரை (இங்க வெளியில கரி நெருப்பு மேல கம்பித் தட்டு வெச்சு கறி சுடறது) முடிஞ்சப்புறம் கரித்துண்டும் இருக்கு, கம்பித் தட்டும் இருக்கு, ரெண்டும் சூடுதான், ஆனா எதைத் தொட்டா உடனே தோல் ஒட்டிக்கும்? கம்பி. இரும்பு சூட்டை வேகமாக் கடத்தும், கரியும் அதுமேல இருக்கற சாம்பலும் மெதுவாத்தான் கடத்தும், கால் படறதும் ஒரு கணம்தான். டெம்பரேச்சரும், கைக்கு வந்து சேர்ற சூடும் வேற வேறங்கறதுதான் பாடம். அதோட நின்னு மிதிச்சா வெந்துடும், நிறைய பேருக்குக் கொப்புளமும் வந்திருக்கு, வீட்டுல யாரும் முயற்சி பண்ணக்கூடாதுன்னும் சேத்துச் சொல்லிடுங்க. அந்தப் பையனோட அப்பா மிதிக்கறவர். அடுத்த வாரம் அவரே வந்து கம்பி விஷயம் நல்லா இருந்துச்சு மேம்னு சொல்லிட்டுப் போனார்.

கிரகணத்தப்ப வெளிய வரக்கூடாது, சாப்பிடக்கூடாதுன்னு ஆயா சொல்றாங்க. பசங்ககிட்ட எப்படிப் பேசறது?

ஆயா சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அதைப் பிடிச்சுக்குங்க: வெறும் கண்ணால பாக்கக்கூடாது. ஆனா காரணம் கிரகணத்துல புதுசா ஏதோ கதிர் வர்றது இல்ல. அதே சூரியன்தான், தினமும் பாத்தாலும் கண்ணு போகும், மத்த நாள் கூச்சத்துல நாமளே பாக்கறதில்ல, அன்னிக்கு மட்டும்தான் உத்துப் பாக்கத் தோணும். சோறு கெடறதில்ல, ஒரு தட்டு வெளிய ஒரு தட்டு உள்ள வெச்சு பசங்களே பாத்துக்கலாம். சரியான கிரகணக் கண்ணாடி, இல்ல அட்டையில ஊசி ஓட்டை போட்டு நிழல்ல பாக்கறது, இது ரெண்டையும் பழக்கி வைங்க. முழுசா மறைஞ்ச அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் வெறும் கண்ணு.

இதை இப்பவே ஏன் சொல்றேன்னா, 2030 நவம்பர் 25 முழு சூரிய கிரகணம் டர்பன் மேலயே போகுது. 2002 டிசம்பர் 4ல வந்தது வடக்கு ஓரமா லிம்போபோ பக்கம் போச்சு, நம்ம பசங்க யாரும் அப்ப பொறக்கவே இல்ல. இது திங்கக்கிழமை, காலையில, வருஷக் கடைசி எக்ஸாம் நடக்கற நேரம். டைம்டேபிள் போடறவங்க யாராவது இதைப் படிச்சா, அன்னிக்குக் காலையில மட்டும் பேப்பர் வைக்காதீங்க.